பத்தரை மணிக்குக் கட்டம் இல்லை

பிரேமினி அந்தப் படிவத்தை நான்கு முறை திருத்தினாள். முதல் முறை கோடுகள் கோணலாக விழுந்தன. இரண்டாம் முறை எழுத்து சின்னதாகிவிட்டது. அதைப் படிக்கப்போகிறவருக்கு அந்த அளவு ஆகாது. மூன்றாம் முறை ‘மதியம்’ சரியா, ‘பகல்’ சரியா என்று சந்தேகம் வந்து ‘பகல்’ என்று மாற்றினாள். நான்காம் முறை திரும்பவும் ‘மதியம்’ என்றே போட்டாள்.

படிவம் அவளுடைய அப்பா பாலசுந்தரத்துக்கு. வயது அறுபத்தெட்டு. முப்பத்து மூன்று வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்து, தலைமைக் கிளார்க்காக ஓய்வு பெற்றவர். இடக்கண் போய்ப் பதினோரு வருடமாகிறது. வேறொரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டபோது சர்க்கரை கூடியிருந்ததால் கிருமி தொற்றிக் கண்ணையே கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த வலக்கண்ணில் இப்போது புரை. ஜனவரியில் டாக்டர் தனேஷ் அந்தக் கண்ணைப் பார்த்தார், பிறகு ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி 10.4 என்று இருந்தது. எட்டுக்குக் கீழே இறங்கினால்தான் கத்தியை எடுப்பேன் என்று சொல்லி, கோப்பிலும் அப்படியே எழுதிக் கையெழுத்திட்டார். ரொம்ப நாள் தள்ளிப்போட்டால் கத்தியை எடுத்தும் பயனிருக்காது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பிரேமினிக்கு இருபத்தாறு வயது. பங்சாரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. எந்தக் காரியத்தையும் முறைப்படி செய்தால் அது ஒழுங்காக வரும் என்று நம்புகிறவள். தான் செய்தது முறைப்படிதானா என்பதில் மட்டும் அவளுக்கு நம்பிக்கை வந்ததே இல்லை. கதவைப் பூட்டிவிட்டுப் பத்தடி போய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஜாதி. டாக்டர் சொன்ன அதே வாரம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடை மாடியில் நடந்த ‘அன்றாட உணவும் ஆரோக்கியமும்’ என்ற மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். செவ்வாயும் வியாழனும், ஆறரையிலிருந்து எட்டரை வரை.

வகுப்பை நடத்தியவர் மார்க்கிரட் மிஸ். அவருடைய கொள்கை சுருக்கமானது. “நாம என்ன சாப்பிடுறோம்னு நமக்கே தெரியாது. எழுதினாத்தான் தெரியும்.” ஏழரைக்கு இடைவேளை. இடைவேளையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலமும் எண்ணெயில் பொரித்த கறிபாப்பும், பால் விட்டு இனிக்க இனிக்கத் தேநீரும் வரும். “வேலை முடிஞ்சு நேரா வர்றீங்க, பசியோட இருந்தா பாடம் மண்டையில ஏறாது” என்பார் மிஸ். முதல் நாள், சீனி உடம்பை என்ன செய்கிறது என்ற பாடம் பாதியில் நின்று, தேநீர் முடிந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பிரேமினி மட்டும் தன் நாட்குறிப்பில், ‘இடைவேளையில் சாப்பிடுவது கணக்கில் சேருமா? மிஸ்ஸிடம் கேட்க வேண்டும்’ என்று எழுதி வைத்தாள். கேட்கத் தைரியம் வரவில்லை. கறிபாப் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

மிஸ் கொடுத்த மாதிரித் தாளில் மூன்று கட்டங்கள் இருந்தன: காலை, மதியம், இரவு. எந்த நாட்டில் யார் தயாரித்ததோ, நகலுக்கு நகல் எடுத்து ஓரமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. பிரேமினி அதைத்தான் பெரிய எழுத்தில் போட்டு, கிள்ளானில் இருந்த வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

பாலசுந்தரம் தாளைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, மேலிருந்து கீழாக நகர்த்திப் படித்தார்.

“மூணே கட்டமா? நல்லது. எத்தனை காப்பி?”

“ஒண்ணு போதும்ப்பா. தினமும் இதை நிரப்பிக் குடுங்க.”

“ஒரு காப்பி நம்ம ஃபைல்ல இருக்கணும். நாளைக்கு டாக்டர் கேட்டா எதைக் காட்டுவ?” அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். “உறுதிமொழி இல்லியே. மேலே கண்டது உண்மைன்னு கையெழுத்துப் போட இடம் வேணும். இல்லாட்டி யார் வேணாலும் எதை வேணாலும் எழுதலாம்.”

பிரேமினிக்கு வெட்கமாகிவிட்டது. ஐந்தாம் முறையாகத் திருத்தினாள்.

மறுநாள் முதல் வீடு சீர்திருந்தியது. அம்மா ஜெயமாலா அரிசியைக் கிண்ணத்தில் அளந்து போட்டார். இடியாப்பம் ஆளுக்கு மூன்று, சொதியில் தேங்காய்ப்பால் பாதி. காலையில் ஓட்ஸ். பாலசுந்தரம் முகம் சுளிக்காமல் சாப்பிட்டு, மேசைக்குப் போய், பெரிய எழுத்தில் ‘ஓட்ஸ், ஒரு கிண்ணம், சீனி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு ஒன்பது மணிக்கு, குடியிருப்புத் தாமானின் காலை நடைக் கழகத்து மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு திடலுக்குப் போனார். சாயங்காலம் நாலரைக்கும் ஒரு நடை. மார்க்கிரட் மிஸ் அவர் எழுதிய தாள்களை வகுப்பில் எல்லாருக்கும் காட்டினார். “இதுதான் ஒழுக்கம்” என்றார்.

ஏப்ரலில் ரத்தம் எடுத்தார்கள். அன்றும் வழக்கம்போல பாலசுந்தரம் வெகு நிதானமாகச் சட்டை மாட்டிக் கிளம்பினார். முடிவு 10.2.

டாக்டர் தனேஷ் படிவங்களைப் புரட்டினார். தொண்ணூறு தாள், தொண்ணூறு கையெழுத்து. “சாப்பாடெல்லாம் அழகா இருக்கு அங்கிள். இவ்வளவுதான் சாப்பிடுறீங்கன்னா நீங்க காத்துல சீனி எடுக்கணும்” என்றார். ஜூலைக்குத் தள்ளிப்போட்டார்.

வீடு திரும்பியதும் பாலசுந்தரம் வாசலில் இறங்கும்போது படியைத் தவறவிட்டு, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். முன்பு வாசலின் இரண்டு படிகளில் ஒன்றுதான் அவருக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது இரண்டும் தெரியவில்லை.

தப்பு தன்னுடையதுதான் என்பதில் பிரேமினிக்குக் கொஞ்சமும் ஐயமில்லை. தராசைச் சந்தேகப்பட்டு, ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தை வைத்துச் சோதித்தாள். தராசு சரி. கிண்ணத்தைச் சந்தேகப்பட்டு வேறு கிண்ணம் வாங்கினாள். ஓட்ஸ் டப்பாவின் பின்பக்கத்தை மூன்று மொழியிலும் படித்தாள். வீட்டில் எல்லாருடைய எடையையும் குறித்தபோது விஷயம் இன்னும் குழம்பியது. அம்மா நாலு கிலோ இறங்கியிருந்தார். ரவிக்கையெல்லாம் பிடிக்கக் கொடுக்க வேண்டியதாயிற்று. பிரேமினி இரண்டரைக் கிலோ. யாருக்காக இத்தனையும் நடந்ததோ அவர் இரண்டு கிலோ ஏறியிருந்தார். ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு, ‘அரைக் கிண்ணச் சோற்றைக் கால் கிண்ணமாக்கிப் பார்க்கலாம்’ என்று அடியில் சேர்த்தாள்.

“எனக்கும் காலா?” என்றார் அம்மா. “நான் என்ன பாவம் பண்ணேன்?”

மே மாதம் ஒரு புதன்கிழமை பிரேமினி விடுப்பில் இருந்தாள். காலை பத்தேகாலுக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. இடக்கண் சிகிச்சையின் பழைய தாள்கள் வேண்டும், அன்றைக்கே அனுப்ப முடியுமா என்றார்கள். அந்தத் தாள்கள் எந்தக் கோப்பில் இருக்கின்றன என்பது பாலசுந்தரத்துக்கு மட்டுமே தெரியும். திரையில் எழுத்துத் தெரியாததால் அவர் போனைக் கொண்டு போவதில்லை. அவள் திடலுக்கு நடந்தாள்.

திடலில் இரண்டு பூனைகள்தான் இருந்தன. சாலைக்கு அந்தப் பக்கம் மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஏழு மஞ்சள் சட்டைகள். நடுவில் அப்பா. அவர் முன்னால் சுருள் சுருளாக ரொட்டி சானாய் இரண்டு, தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு ஒரு தட்டில், சீனி ஒரு தட்டில். நுரை தள்ளும் தே தாரிக் பால்தேநீர் பெரிய கிளாஸ். பக்கத்தில் ஒரு கறிபாப், பாதி கடித்தது.

கையும் களவுமாகப் பிடிபட்டவர் எப்படித் துள்ளி எழுவார் என்று பிரேமினி கற்பனை செய்து முடிப்பதற்குள், “யாரு, பிரேமியா? நடை தெரிஞ்சுது. வா, உக்காரு” என்றார் பாலசுந்தரம். கடைக்காரர் பக்கம் திரும்பி, “பாஸ், இன்னொரு தே” என்றார்.

“அப்பா, என்ன இது?”

“ரொட்டி.”

“ரொட்டின்னு தெரியுதுப்பா. தினமுமா?”

“புதன்கிழமைதான் ரொட்டி” என்றார் கழகத் தலைவர் சபாபதி, நியாயம் தவறாதவராக. “திங்கக்கிழமை நாசி லெமாக், செவ்வா தோசை, வியாழன் மீ கோரேங். வெள்ளி கோயில்ல போட்டுருவாங்க. உங்கப்பாதான் டைம் டேபிள் போட்டுக் குடுத்தாரு. சாயங்காலத்துக்குத் தனி டைம் டேபிள்.”

“நீங்க நடக்கத்தானே அங்கிள் வர்றீங்க?”

“ரெண்டு ரவுண்டு நடந்தாச்சே. நடந்தா பசிக்கும் லா.”

பிரேமினி அப்பாவைப் பார்த்தாள். “தொண்ணூறு நாளு கையெழுத்துப் போட்டீங்களேப்பா. இதுல ஒரு வரிகூட எழுதலியே.”

பாலசுந்தரம் கிளாஸைக் கீழே வைத்தார். முதல் முறையாக அவர் முகம் சிவந்தது. ஆனால் அது குற்றவாளியின் சிவப்பு அல்ல.

“நான் பொய் எழுதினேன்னு சொல்றியா?”

“இல்லப்பா, ஆனா…”

“ஃபாரத்துல என்ன இருக்கு? காலை, மதியம், இரவு. காலைச் சாப்பாடு ஏழரைக்கு ஆச்சு. ஓட்ஸ். எழுதியாச்சு. இப்ப மணி என்ன?”

“பத்தரை.”

“பத்தரைக்குக் கட்டம் எங்க இருக்கு? காட்டு.”

மேசையைச் சுற்றி ஏழு தலைகளும் அவளைப் பார்த்தன. எல்லாருமே ஏதோ ஒரு இலாகாவில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர்கள். சபாபதி மெதுவாகத் தலையை ஆட்டினார். “பாலா சொல்றது பாயிண்ட்தான் மா. கேக்காத விஷயத்தை எழுதக்கூடாது. ஒரு கட்டத்துல ரெண்டு பதிவு போட்டா ஆடிட்ல பெரிய தலைவலி.”

“முப்பத்து மூணு வருஷத்துல ஒரு பொய்க் கையெழுத்து நான் போட்டதில்ல” என்றார் பாலசுந்தரம். பிறகு, இன்னும் மனம் ஆறாமல், “ஒண்ணு கேக்கணும்னா ஒழுங்கா கேக்கணும்” என்றார்.

வேறொரு பெண்ணாக இருந்தால் அங்கேயே ஒரு கச்சேரி வைத்திருப்பாள். பிரேமினியோ பழைய தாள்கள் எந்தக் கோப்பில் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் யோசித்து, அப்பா சொல்வது சரி என்ற முடிவுக்கு வந்துவிட்டாள். இத்தனை நாள் அவள் தேடிய தப்பு கடைசியில் கிடைத்துவிட்டது. நினைத்தபடியே அது அவளுடையதாகவும் இருந்தது. காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் ஒன்று, மதியத்துக்கும் இரவுக்கும் நடுவில் ஒன்று, இரவுக்கு மேல் ‘சப்பர்’ என்று ஒன்று. இந்த ஊரில் மனிதர்கள் உண்மையாகச் சாப்பிடுவதெல்லாம் இந்த இடுக்குகளில்தான். மூன்று வேளைச் சாப்பாடு என்பது வீட்டில் இருப்பவர்களின் மனதிருப்திக்கு. அவள்கூட மார்க்கிரட் மிஸ்ஸின் கறிபாப்பைத் தன் தாளில் ஒருநாளும் எழுதியதில்லை. எழுத இடமிருக்கவில்லை.

அன்று மாலையே புதுப் படிவம் தயாரானது. அதில் வேளை கிடையாது. காலை ஐந்திலிருந்து இரவு பதினொன்று வரை அரை மணிக்கு ஒரு கட்டம். வாயில் போட்டது, குடித்தது, யார் கொடுத்தது என்று மூன்று பத்தி. கடைசியில் ‘மேலே அடங்காதவை’. உறுதிமொழியும் உண்டு.

பாலசுந்தரம் அதை வெகுநேரம் படித்தார். “இதுதான் ஃபாரம்” என்றார்.

முதல் நாள் பதினோரு பதிவு விழுந்தது. இரண்டாம் நாள் பத்து. மூன்றாம் நாள் அவர் சாயங்காலக் கட்டத்தில் ‘கறிபாப்’ என்று எழுதியபின் பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னப்பா?”

“நேத்து எத்தனை பதிவு?”

“பத்து.”

“ஒரு ஆளா இவ்வளவும் சாப்பிட்டேன்?”

“கையெழுத்து உங்களுது தான்ப்பா.”

அதன் பிறகு அவர் சாப்பாட்டைக் குறைத்தார் என்று சொல்வது சரியாகாது, பதிவுகளைக் குறைத்தார். ‘ரொட்டி சானாய் இரண்டு, சீனியுடன்’ என்று பெரிய எழுத்தில் எழுதுவது ஒரு கண் மனிதருக்குச் சுலபமான வேலையில்லை. கீழே உண்மையென்று கையெழுத்துப் போடுவது அதைவிடக் கஷ்டம். ஒரு வாரத்தில் ரொட்டி ஒன்றானது, சீனி போனது. இரண்டாம் வாரம் தே தாரிக் போய், சீனி போடாத கடுந்தேநீர் வந்தது. ஜூனில் பத்தரைக் கட்டத்தில் ‘சுடுதண்ணீர், சபாபதி கொடுத்தது’ என்று வரத் தொடங்கியது.

சீர்திருந்திய மனிதரோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படிப்பட்டது என்பதை மார்க்கிரட் மிஸ் எந்தப் பாடத்திலும் சொல்லியிருக்கவில்லை. அம்மா குழம்பில் உப்புப் பார்த்தால், “பதினொண்ணரை, ஒரு கரண்டி, எழுது” என்று கூடத்திலிருந்து குரல் வரும்.

“புருஷன் வீட்டுல உப்புப் பாக்கறதுக்கும் கையெழுத்தா?” என்றார் அம்மா. இருந்தாலும் கால் கிண்ணச் சோறு மறுபடி அரைக் கிண்ணமாக உயர்ந்ததில் அவருக்குத் திருப்தி.

நடைக் கழகமும் படிவம் கேட்டது. சபாபதி உடனே ஓர் உணவு ஒழுங்குத் துணைக்குழு அமைத்தார். அது ஞாயிறுதோறும் பத்து மணிக்குக் கூடியது. முதல் கூட்டத்தில் வடையும் கேசரியும் பரிமாறப்பட்டன. அவற்றைப் பத்து மணிக் கட்டத்தில் எழுதுவதா, பத்தரைக் கட்டத்தில் எழுதுவதா என்பது ஒன்றேகால் மணி நேரம் விவாதிக்கப்பட்டு, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. வகுப்பும் அந்த மாதம் முடிந்தது. சான்றிதழ் கொடுத்த மாலை ஆளுக்கொரு ஆரோக்கியப் பலகாரம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பதினான்கு பேர் கொண்டுவந்ததில் ஒன்பது குலாப் ஜாமூன். பிரேமினி வெள்ளரிக்காய் நறுக்கிக் கொண்டுபோனாள். அதை யாரும் தொடவில்லை, மிஸ் உட்பட.

ஜூலையில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள்.

டாக்டர் தனேஷ் தாளைப் பார்த்துவிட்டு நாற்காலியைச் சுழற்றித் திரும்பினார். அவர் முகமெல்லாம் சிரிப்பு. “அங்கிள், எட்டு. எட்டு பாயிண்ட் சைஃபர். பத்துலேர்ந்து எட்டு. சூப்பர் லா. அடுத்த வாரமே பண்ணிரலாம்.”

பிரேமினி நாற்காலியின் பிடியைப் பற்றிக்கொண்டாள்.

“எட்டுக்குக் கீழேன்னு எழுதியிருக்கீங்க டாக்டர்” என்றார் பாலசுந்தரம்.

“ஆமா அங்கிள். எட்டுதானே இது.”

“எட்டு, எட்டுக்குக் கீழே இல்ல.”

டாக்டர் சிரித்தார். “ஒரு புள்ளிதான் அங்கிள். இதுக்கெல்லாம் பாத்தா முடியுமா. நான்தானே எழுதினேன், நானே ஓகேன்னு சொல்றேன். ஓகே லா.”

பிரேமினி அப்பாவின் பக்கம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். “அப்பா, இது ஃபாரம் இல்ல. கண்ணு. தயவுசெஞ்சு ரூல் பேசாதீங்க.”

பாலசுந்தரம் மடியில் இருந்த கோப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அட்டையின் ஓரம் அவர் விரல்களுக்குள் வளைந்தது. பிறகு டாக்டர் இருக்கும் திசையைப் பார்த்து, அவர் முகத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கமாகப் பார்த்து, மெல்லச் சொன்னார்:

“அப்பவும் இப்படித்தான் சொன்னாங்க. கொஞ்சம்தான் கூட இருக்கு, ஓகே லான்னு.”

பிரேமினிக்கு அப்போதுதான் உறைத்தது. பதினோரு வருடமாக இந்த மனிதர் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் எதற்காக அவ்வளவு நிதானமாகச் சட்டை மாட்டினார் என்பதும், முதல் படிவத்தில் மூன்றே கட்டம் இருந்ததில் அவருக்கு ஏன் அத்தனை சந்தோஷம் என்பதும். எண் இறங்கினால் கத்தி வரும். இருந்த ஒரே கண்ணைக் கத்தியிடம் கொடுக்க வேண்டும். தொண்ணூறு நாளும் அவர் பொய் எழுதவில்லைதான். அவசரமும் படவில்லை.

டாக்டர் தனேஷ் சிரிப்பை நிறுத்தியிருந்தார். மேசையில் கிடந்த பழைய தாள்களை, பிரேமினி மே மாதம் அனுப்பியவற்றை, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“சாரி அங்கிள்” என்றார். “அப்படிப் பேசியிருக்கக்கூடாது. எட்டுல பண்றது எனக்குப் பயமில்ல. ஆனா உங்களுக்குப் பயம்னா ஆறு வாரம் தர்றேன். அதுக்கு மேல இந்தக் கண்ணு காத்திருக்காது. என்ன சொல்றீங்க?”

பாலசுந்தரம் மகளின் பக்கம் திரும்பினார். அவர் தன்னிடம் எதையும் கேட்டு அவளுக்கு ஞாபகமில்லை. எது சரி என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆறு வாரத்தில் எண் ஏறலாம். புரை முற்றலாம். இன்றே என்று சொல்லி, அதில் ஏதாவது ஆகிவிட்டால் அதுவும் அவள் தலையில்தான். இரண்டு பக்கமும் எழுதிப் பார்க்க ஒரு தாள் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. தாள் இல்லை.

“ஆறு வாரம் குடுங்க டாக்டர்” என்றாள்.

அந்த ஆறு வாரமும் அவள் சரியாகத் தூங்கவில்லை. பாலசுந்தரமோ வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறினால்கூட எழுந்து வெளியே போனார். துணைக்குழுவிலிருந்தும் ராஜினாமா செய்தார். வடை இருக்கிற கூட்டத்தில் நியாயமாக நடந்துகொள்ள முடியவில்லை என்று கடிதத்தில் காரணம் காட்டியிருந்தார். சபாபதி ராஜினாமாவை ஏற்க மறுத்து, அதைப் பற்றிப் பேச ஒரு சிறப்புக் கூட்டம் போட்டார். பாலசுந்தரம் அதற்கும் போகவில்லை.

ஆகஸ்டு கடைசியில் 7.6.

டாக்டர் தனேஷ் இந்த முறை எதுவும் சொல்லாமல் தாளை நீட்டினார். பாலசுந்தரம் அதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், சாய்த்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, பிறகு மகளிடம் கொடுத்தார். “படி.”

“ஏழு பாயிண்ட் ஆறு.”

“இன்னொரு தடவை.”

அவள் படித்தாள். தானே ஒருமுறை தனக்காகவும் படித்துக்கொண்டாள்.

“சரி. நாள் போடுங்க” என்றார் பாலசுந்தரம்.

செவ்வாய்க்கிழமை காலை, பச்சை அங்கி மாட்டி உட்கார வைத்திருந்தபோது, தாதி ஒப்புதல் தாளை அட்டையில் வைத்துக் கொண்டுவந்தாள். அவர் பேனாவை வாங்கினார். கை நிதானமாகத்தான் இருந்தது. முனை மட்டும் தாளின் மேல் வட்டமிட்டது.

“கோடு எங்க இருக்கு?”

பிரேமினி அவர் சுண்டுவிரலைப் பிடித்துக் கோட்டின் தொடக்கத்தில் வைத்தாள். அவர் போட்டார். கையெழுத்து கோட்டிலிருந்து நழுவி, சரிந்து, கீழே அச்சிட்டிருந்த வரிகளின் மேல் ஏறி, தாளின் விளிம்பில் போய் நின்றது.

“கோட்டு மேல இருக்கா?”

“சரியா இருக்குப்பா” என்றாள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தாதி உள்ளே போனாள்.